கடைசி ரீலில் சாகாதவர்

மார்ச் 9, ஞாயிறு

வில்லன் ஐயாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சுண்டுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் தானாக எழுந்து பல் தேய்த்தாள். உங்கள் பல்வலி எப்படி இருக்கிறது? மலைக் குளிரில் அது இன்னும் படுத்துமே. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளியுங்கள். வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்காதீர்கள்.

இனி மற்றது. வெள்ளிக்கிழமை உங்கள் படம் வெளியானது. நான் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு படம் பார்த்தேன். அதில் நீங்கள் மாடியிலிருந்து விழுந்து செத்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு படத்திலும் நீங்கள் எப்படிச் சாகிறீர்கள் என்பதைச் சுண்டுவின் பள்ளித் தோழிகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இந்த முறை நீங்கள் சாகவில்லையாம். ஹீரோ செத்துவிட்டாராம். நீங்கள்தான் குத்திக் கொன்றீர்களாம்.

சனிக்கிழமை காலை முன்னறை ஜன்னல் வழியாக ஒரு கல் வந்தது. யாருக்கும் அடி இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன், அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பெருக்கிவிட்டு அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். போன் ஓயாமல் அடிக்கிறது. எடுத்தால் வசவு, இல்லாவிட்டால் மூச்சு விடும் சத்தம். ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அதனால் போன் கிடைக்கவில்லை என்று பதறாதீர்கள். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபுக்கும் போன் செய்ய வேண்டாம், முதலாளி முகம் சுளிக்கிறார். கடிதமே போடுங்கள்.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்து, "அட்டை நல்லாத்தான் ஒட்டியிருக்கும்மா, ஆனா மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மழையைப் பற்றித்தான் பேசினார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாலு நாளில் அடங்கிவிடும். கவலைப்படாதீர்கள்.

உங்கள்
ஊசிக்காரி


மார்ச் 12, புதன்

ஊசிக்காரிக்கு,

"கவலைப்படாதீர்கள்" என்று நீ எழுதினால்தான் எனக்குக் கவலை. உன் கையெழுத்து அந்த இடத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கிறது, மற்ற இடமெல்லாம் கோணல்.

இங்கே பனி. என்னைக் கயிற்றில் கட்டிப் பாறையில் தொங்கவிடுகிறார்கள். தொங்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் ஞாபகம்தான். கீழே நகரத்துக்குப் பிலிம் பெட்டி கொண்டுபோகும் வேன் டிரைவர் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவார். அவரும் படம் பார்த்துவிட்டார். என்னிடம் கடிதத்தை வாங்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

முடிவை உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டாய். ஆனால் நினைப்பாய். டைரக்டர் தம்பி வாக்கு வாங்கியிருந்தான். கதை உனக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன். ஒரு துறைமுக நகரம். ஹீரோ அங்கே போலீஸ் கமிஷனர். மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூட நேராக வைக்கிறவர். நான் யார், எங்கிருந்து வந்தேன் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. எனக்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம், எதுவும் ஒழுங்காக நடக்கக்கூடாது, அவ்வளவுதான். ஊரிலுள்ள எல்லா சிக்னலையும் ஒரே நேரத்தில் பச்சையாக்குகிறேன். கடைசியில் அவரைக் குத்திவிட்டுக் கூட்டத்தில் கலந்து போய்விடுகிறேன். படம் முடிந்துவிடுகிறது.

இருபது வருஷமாக என்னைச் சாவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். பஸ் வராமல், ஆபீஸில் வேலை நடக்காமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் ஏமாந்து ஜனங்கள் தியேட்டருக்கு வருகிறார்கள். அத்தனை குளறுபடிக்கும் காரணம் இவன்தான் என்று திரையில் என்னைக் காட்டுகிறார்கள். நான் விழுந்ததும் உலகம் சரியாகிவிடுகிறது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இந்த முறை நான் விழவில்லை. தூக்கம் வராதவன்தான் கல் எறிகிறான்.

டைரக்டர் தம்பி சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சாகாமல் வீட்டுக்குப் போகிற முதல் படம். அந்தப் பெருமைக்கு ஜன்னல் விலை என்று தெரிந்திருந்தால் அப்போதே விழுந்து தொலைத்திருப்பேன்.

சுண்டுவைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போ. நான் அவருக்குப் போன் போட்டுப் பேசுகிறேன். "அவருக்கு" என்றால் உன் அண்ணனுக்கு இல்லை, ஹீரோவுக்கு. நல்ல மனிதர். அந்தக் குத்துகிற காட்சி எடுத்த அன்று, என் முதுகுவலி தெரிந்து தன் நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொன்னால் பையன்கள் அடங்கிவிடுவார்கள்.

உன்
வில்லன்


மார்ச் 14, வெள்ளி

வில்லன் ஐயாவுக்கு,

அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டேன். நடிகனைக் கட்டாதே என்று பெண் பார்க்கும்போதே சொன்னவர் அவர். இப்போது பெட்டியோடு போய் நின்றால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணிக்கு ஜாடை காட்டுவார். அதைத் தாங்க என்னால் ஆகாது. கல்லுக்கு அட்டை ஒட்டலாம்.

முடிவை என்னிடம் சொல்லவில்லை, சரி. மெத்தை விஷயத்தையாவது சொல்லியிருக்கலாம். முதுகுவலி என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் பல்வலி.

தெரு முனையில் இப்போது பையன்கள் நிற்கிறார்கள். ஹீரோ முகம் போட்ட பனியன். மன்றத்துப் பெயர் "காவல் படை". ரகளை செய்கிறவர்கள் இல்லையாம், நியாயம் கேட்கிறவர்களாம். வரிசையாக நிற்கிறார்கள், முறை வைத்து மாறுகிறார்கள், வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். நம் தெருவில் இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்களை மட்டும் பெயர் கேட்டு அனுப்புகிறார்கள். கேஸ் சிலிண்டர்காரர் திரும்பிப் போய்விட்டார். ஒருவன் கையில் கட்டு. கல் எறியும்போது சுளுக்கிக்கொண்டானோ என்னவோ. வீக்கத்தைப் பார்த்தால் எக்ஸ்ரே எடுப்பது நல்லது. சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார். எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி, "ஒண்ணு கேக்கலாமாம்மா? சார் அவரை ஏன் கொன்னாரு? காயத்தோட விட்டிருக்கலாமே" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "அதை எழுதினவரைக் கேளுங்க" என்றேன். "கை அவரோடதுதானேம்மா" என்றார்.

லேபில் ஒரு பெரியவர் ரத்தம் கொடுக்க வந்தார். நான் ஊசியோடு உட்கார்ந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "வேற யாராவது இருக்காங்களா?" வலியில்லாமல் ஊசி போடுகிறவள் என்று என்னைத் தேடி வருகிறவர் அவர்.

சுண்டு நேற்று கேட்டாள்: "அப்பாவுக்குக் கொல்லணும்னு தோணுச்சா, இல்ல சொன்னதால செஞ்சாரா?" சொன்னதால் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப யார் சொன்னாலும் செய்வாரா?" என்றாள்.

அவரோடு பேசினீர்களா?

ஊசிக்காரி


மார்ச் 17, திங்கள்

ஊசிக்காரிக்கு,

பேசினேன். வேனில் கீழே இறங்கி, தபால் ஆபீஸ் போனில் வரிசையில் நின்று பேசினேன். எனக்கு முன்னால் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, பேசாமலே வரிசையை விட்டுப் போய்விட்டார். அதனால் சீக்கிரம் கிடைத்தது.

அவர் அன்பாகத்தான் பேசினார். "அது கோபம் இல்ல தம்பி, என் மேல இருக்கற பாசம். நான் போய் வேண்டாம்னு சொன்னா அவங்க பாசத்தை நானே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். தலையை ஆட்டினேன், போனில் அது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. வசனம் இல்லாத இடத்தில் நான் எப்போதுமே அப்படித்தான்.

பிறகு தயாரிப்பாளர் போனை வாங்கிக்கொண்டார். அவரிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. ஒன்று, புது முடிவு. செத்துக் கிடக்கிற கமிஷனர் கண் திறந்து என்னைச் சுடுகிறார், நான் விழுகிறேன். அடுத்த வாரமே எல்லாத் தியேட்டருக்கும் புது ரீல் போய்விடும். டைரக்டர் தம்பி ஒரு மூலையில் அழுததாகக் கேள்வி. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பகல் பெரிய அரங்கத்தில் விழா. மன்றத்துக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஹீரோ மேடையில் என்னை ஓர் அறை அறைவார். நான் மண்டி போட்டு அவர் காலைப் பிடிக்க வேண்டும். அவர் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொள்வார். "அதோட எல்லாம் முடிஞ்சுது, உன் தெருவும் உனக்கு" என்றார் தயாரிப்பாளர்.

எத்தனையோ படத்தில் எத்தனையோ பேர் காலில் விழுந்திருக்கிறேன். இது ஒன்று கூடுதல். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நேற்றிலிருந்து பல் வலிக்கவில்லை, அந்த இடமே மரத்துப்போய்விட்டது. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இங்கிருந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போகிறேன்.

நீ என்ன சொல்கிறாய்?

உன்
வில்லன்


மார்ச் 19, புதன், காலை

சரி என்று சொல்லிவிட்டு, என்ன சொல்கிறாய் என்று கேட்கிறவரை என்ன சொல்வது?

நேற்று நான் படம் பார்த்தேன். லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, பகல் காட்சிக்குப் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தைக் கண்டு இல்லை, உங்களைக் கண்டு. வீட்டில் கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவர் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. நீங்கள் குத்தியதும் அரங்கத்தில் சத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் வேலை உடுப்போடு ஒரு பெண், துணி ஆலையிலிருந்து நேரே வந்தவள் போல. விசும்பினாள். "இனிமே யாரு கேப்பா?" என்று தனக்குத்தானே சொன்னாள். யாரை, எதைக் கேட்க வேண்டும் என்று நான் விசாரிக்கவில்லை. அவளுக்கு வெளியே ஏதோ இருக்கிறது. அதைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. இவர் ஒருவர் இருந்தார். நீங்கள் அவரையும் கொன்றுவிட்டீர்கள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

அதனால் புது முடிவில் செத்துவிடுங்கள். அது உங்கள் வேலை. அந்தப் பெண் கொஞ்சம் தூங்கட்டும். ஆனால் மேடை வேண்டாம். திரையில் நீங்கள் விழுவது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். மேடையில் மண்டி போடுவது நிஜம். அதை எந்த ரீல் போட்டும் மாற்ற முடியாது.

பிற்பகல்

கடிதத்தை மூடுவதற்குள் பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ஓடினேன். சுண்டுவுக்கு ஒன்றுமில்லை, முட்டியில் சிராய்ப்பு. இடைவேளையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் மதில்சுவரில் ஒட்டியிருந்த ஹீரோவுடைய போஸ்டர் முன்னால் அவளை மண்டி போட வைத்து, "எங்கப்பா செஞ்சது தப்பு" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். கருங்கல் ஜல்லித் தரை. மணி அடிக்கும்வரை இருந்திருக்கிறாள்.

மருந்து வைக்கும்போது அழவில்லை. "நான் சும்மா நடிச்சேம்மா" என்றாள். "அப்பா மாதிரி."

இப்படியே தபாலில் போடுகிறேன்.


மார்ச் 22, சனி

ஊசிக்காரிக்கு,

வண்டி ஏறுகிற நேரத்தில் உன் கடிதம் வந்தது. வேனிலேயே படித்தேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார்.

அவளிடம் சொல், நடிப்பில் அப்பா இவ்வளவு மோசமாக ஒருபோதும் மண்டி போட்டதில்லை என்று. வேண்டாம், ஒன்றும் சொல்லாதே. நான் வந்து பேசுகிறேன்.

நாளை மேடை ஏறுவேன். மண்டி போடமாட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தியே வை.


மார்ச் 24, திங்கள், காலை

ஊசிக்காரிக்கு,

இது கிடைத்த உடனே சுண்டுவோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. ஜாடையைப் பொறுத்துக்கொள். பாதுகாப்பு என்று சொல்லித் தயாரிப்பாளரின் ஆட்கள் லாட்ஜ் அறையில் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன், பேப்பரில் வருவதை நம்பாதே.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அவரும் நானும் தனியாக இருந்தோம். சுண்டு மண்டி போட்டதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "நான் சொன்னா கேப்பாங்கன்னு நெனைக்கறியா தம்பி? இதுவரைக்கும் அவங்க விரும்பாத ஒண்ணை நான் சொன்னதே இல்ல. சொல்லிப் பாக்க எனக்குப் பயம்" என்றார். அவர் பெண்ணும் பள்ளிக்குப் போய் மாதக்கணக்காகிறதாம். வாசலில் எப்போதும் கூட்டம். வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறாராம்.

மேடையில் அறைந்தார். மெல்லத்தான், தொழில் தெரிந்த கை. நான் நின்றேன். மண்டி போடு என்று கூட்டம் கத்தியது. அவர் என்னைச் சட்டென்று கட்டிக்கொண்டு, "போதும், நீ போயிடு" என்று காதில் சொன்னார். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் தண்ணீர் பாட்டில், பிறகு நாற்காலி. அவர் மைக்கைப் பிடித்து, "உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்றார். படத்தில் அந்தக் குரலுக்கு ஊரே அடங்கும். இங்கே ஒருவன்கூட உட்காரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அப்போதுதான் என்னைக் குறிவைத்து எறிந்த நாற்காலி அவர் நெற்றியில் பட்டது.

அவரைத் தாங்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வண்டியில் துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தேன். "ரத்தம் ரொம்பப் போகுதா?" என்று கேட்டார். "நெத்தியில சின்னக் காயம்னாலும் ரத்தம் நிறைய வரும், என் வீட்டுக்காரி சொல்லுவா" என்றேன். என் கையைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை எல்லாப் பேப்பரிலும் ஒரே படம். என் கையெல்லாம் ரத்தம், அவர் என் மடியில் சாய்ந்து கிடக்கிறார். கீழே "மறுபடியும்" என்று ஒரு சொல். அவர் மயக்க மருந்தில் இருக்கிறார், தையல் போட்டிருக்கிறார்கள். அவருடைய ஆட்கள் வாய் திறக்கவில்லை. உனக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் தெருவில் இந்நேரம் பேப்பர் வந்திருக்கும்.

போய்விடு. தயவுசெய்து.


மார்ச் 28, வெள்ளி

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. எல்லாம் திங்களன்றே முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

திங்கள் காலை பேப்பரைப் பார்த்ததும் தெரு நிறைந்துவிட்டது. வெளியே போக வழி இல்லை. எல்லா ஜன்னலும் போயிற்று. சுண்டுவைக் குளியலறையில் வைத்து, துணி வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே இரும்புக் கதவை ஆட்டும் சத்தம். அது திறந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே மனம் வரவில்லை. அவளோடு சேர்ந்து நானும் வாய்ப்பாடு சொன்னேன்.

பிறகு கீழ்வீட்டில் டிவி சத்தம். வீட்டுக்காரர், மழைக்குத் தாங்காது என்றாரே, அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து ஜன்னலில் வைத்து ஒலியை முழுக்க ஏற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உங்கள் ஹீரோ பேசினார். குரலே எழும்பவில்லை. "என்னை அடிச்சது என் கூட்டம். தூக்கினது அவர். அவர் வீட்டுப் பக்கம் யாரும் போகாதீங்க" என்றார். தெருவில் சத்தம் நின்றது. அவர் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று பயந்தாராமே, முதல் பாதியைக் கேட்டார்கள். பக்கம் போகாதே என்றதைத்தான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் கட்டுப் போட்ட பையன். துடைப்பம் வைத்திருந்தான். "அக்கா, கண்ணாடி கால்ல குத்திடும், நீங்க நகருங்க" என்றான். அவனும் இன்னும் ஐந்தாறு பேரும் வீடு முழுக்கப் பெருக்கினார்கள். மறுநாள் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. நீலக் கண்ணாடி, உள்ளே எல்லாம் மீன்தொட்டி மாதிரி இருக்கிறது.

இப்போது தெரு முனை பேனரில் உங்கள் முகம் அவர் முகத்துக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு. காவல் படை இப்போது நம்மைக் காக்கிறதாம். கேஸ் சிலிண்டரை நான் கேட்காமலே ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். சப்-இன்ஸ்பெக்டர் மனைவியோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். லேபில் என்னிடம்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். எதற்குப் பரிசோதனை என்று கேட்டால் சும்மாதான் என்கிறார்கள். சுண்டுவைப் பள்ளிக்குக் கொண்டுவிட முன்னும் பின்னும் பைக். அவளை மண்டி போட வைத்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்கவில்லையாம். அவள் அம்மா என்னிடம் வந்து, "போதும்னு சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் போய்ச் சொன்னேன். "நீங்க உள்ள போங்கக்கா, இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

புது முடிவு ஓடிய தியேட்டரில் நேற்றுத் திரையைக் கிழித்துவிட்டார்கள். உங்களை ஏன் சுட்டார்கள் என்று.

கல் வந்தபோது கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. இப்போது சாத்தினால், "அக்காவுக்கு என்ன கோபம்" என்று தட்டுகிறார்கள். முந்தாநாள் தலைவலி, எழுந்து போகவில்லை. எதிர்ப்புறச் சுவரோரம் நின்றவர்கள் முகம் மாறியதை நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எழுந்து போய்க் கை அசைத்தேன். சிரித்துக்கொண்டே அசைத்தேன். எனக்கும் நடிப்பு வருகிறது.

நேற்று ஒரு தயாரிப்பாளர் வீட்டுக்கே வந்தார். உங்களை ஹீரோவாகப் போட்டுப் படம் எடுக்கிறாராம், ஊரைத் திருத்துகிற ஆளாக. நீங்கள் வந்து பேசுவீர்கள் என்று அனுப்பிவிட்டேன். சுண்டு அவர் போன பிறகு, "அப்பா அந்தப் படத்துல தப்பா ஏதாவது செஞ்சா?" என்று கேட்டாள். பல ஊர் தள்ளி ஒரு லேபில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். இதை வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு ரயிலில் நீங்கள் வருவது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வீடுவரை விளக்குக் கட்டுகிறார்கள். நீங்கள் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுங்கள். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, ஆலைச் சுவரை ஒட்டிய சந்து வழியாக வாருங்கள். மாடிப்படிக் கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன். விளக்குப் போடமாட்டேன்.

முன் தெருப் பக்கம் மட்டும் வரவேண்டாம். அங்கே உங்களை விரும்புகிறவர்கள் நிற்கிறார்கள்.

உங்கள்
ஊசிக்காரி